ஏட்டுப் பெண்ணும் திரைப் பெண்ணும்

"அப்புறம் என்ன ஆயிற்று?" இந்தக் கேள்வியைக் கேட்காமல் வளர்ந்த குழந்தை உலகில் எங்கும் இருக்க முடியாது. பாட்டி சொன்ன கதைகளில் தொடங்கிய இந்த ஆவல், பள்ளிக்கு வந்த பின் மர்மக் கதைகளில் வந்து நிற்கிறது. பரீட்சைக்கு முதல் நாள்கூட, பாடப் புத்தகத்துக்குள் வேறொரு புத்தகத்தை மறைத்து வைத்துப் படிக்கும் தோழியர் எங்கள் வகுப்பில் உண்டு. (பெயர்களை வெளியிட மாட்டோம்!) அப்படி மறைந்து வாழும் புத்தகங்களில் பெரும்பாலானவற்றுக்கு நாயகி ஒருத்தியே. அவள்தான் நான்ஸி ட்ரூ. அவள் ஏட்டிலிருந்து திரைக்குப் போனபோது அவளுக்கு என்ன நேர்ந்தது என்பதைத் தேடிப் பார்த்தோம். கண்டதை இங்கே எழுதுகிறோம்.

அவளை அறியாத பெற்றோருக்காகவும் சிஸ்டர்களுக்காகவும் ஒரு சிறு அறிமுகம். 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவில் 'தி சீக்ரெட் ஆஃப் தி ஓல்ட் கிளாக்' என்ற நாவல் வெளிவந்தது. அதன் நாயகி நான்ஸி. ரிவர் ஹைட்ஸ் என்னும் கற்பனை ஊரில், வழக்கறிஞரான தந்தை கார்ஸன் ட்ரூவுடன் வாழ்பவள். தாயை இழந்தவள். ஹன்னா என்ற அம்மையார் வீட்டைக் கவனித்துக்கொள்கிறார். பெஸ், ஜார்ஜ் என்று இரண்டு தோழியர் உண்டு. (ஜார்ஜும் பெண்தான்!) நெட் என்ற நண்பன் அவ்வப்போது வந்து போவான். முதல் பதிப்புகளில் நான்ஸிக்கு வயது 16. 1959 முதல் பழைய கதைகளைத் திருத்தி வெளியிட்டபோது அவள் வயதை 18 ஆக்கினார்கள். நீல நிறக் கார் ஒன்று வைத்திருக்கிறாள். எங்கே போக வேண்டுமோ அங்கே தானே ஓட்டிச் செல்கிறாள். தந்தை "எங்கே போகிறாய்?" என்று கேட்பார். "போகாதே" என்று சொல்வது அரிது.

இந்த அமெரிக்கப் பெண் சென்னையின் வீடுகளுக்குள் நுழைந்தது பெரும்பாலும் வாடகை நூலகங்களின் வழியாகத்தான். கோபாலபுரத்தில் 1955-ஆம் ஆண்டு தொடங்கிய ஈஸ்வரி வாடகை நூலகத்தின் பெயரைச் சொன்னால், எங்கள் தாய்மாரின் முகத்தில் ஒரு புன்னகை வருகிறது. கோடை விடுமுறை என்றால் அவர்களுக்கு மாங்காயும் நான்ஸி ட்ரூவும்தானாம். மயிலாப்பூரில் லஸ் முனை நடைபாதையில் பழைய புத்தகங்களுக்கிடையே அவளைத் தேடி எடுத்தவர்களும் உண்டு. அம்மா படித்த அதே புத்தகத்தை, அவர் பெயர் எழுதிய அதே முதல் பக்கத்தோடு, மகளும் படிக்கிறாள். எத்தனை கதாநாயகிகளுக்கு இந்தப் பேறு கிட்டும்?

எங்கள் ஆராய்ச்சி தொடங்கியதற்கும் ஒரு புத்தகமே காரணம். நூலகத்திலிருந்து நாங்கள் எடுத்த 'தி ஹிடன் ஸ்டேர்கேஸ்' என்ற நாவலில் கடைசிப் பக்கங்கள் இல்லை. ஒரு பழைய மாளிகை. அதில் வாழும் முதிய சகோதரிகள். இரவில் கேட்கும் விசித்திர ஓசைகள். பூட்டிய வீட்டுக்குள் திருட்டு. நான்ஸி இரகசியப் படிக்கட்டைக் கண்டுபிடித்து இறங்குகிறாள். அவ்வளவுதான், புத்தகம் முடிந்துவிட்டது! மர்மக் கதையில் கடைசிப் பக்கம் இல்லாதது, கல்யாண வீட்டில் சாப்பாடு இல்லாததைப் போன்றது. நூலகப் பொறுப்பாளரான சிஸ்டரிடம் முறையிட்டோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "துப்பறியும் கதைதானேம்மா? மீதியை நீங்களே துப்பறியுங்களேன்" என்று சிரித்தார்.

ஐந்து பேர் கூடினோம். சனிக்கிழமை மாலை லஸ் முனைக்குச் சென்று வேறு பிரதி தேடுவது என்று தீர்மானம் நிறைவேறியது. வீட்டில் அனுமதி கேட்டோம். "பொண்ணுங்க அஞ்சு பேரும் தனியாவா? ஆம்பளைப் பிள்ளை யாராவது துணைக்கு வரட்டும்" என்றார் எங்களில் ஒருத்தியின் பாட்டி. துணைக்கு வந்தவன் ஆறாம் வகுப்புப் படிக்கும் அவள் தம்பி. வழி நெடுக அவன் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைத்தவர்கள் நாங்கள். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்ததும் நாங்களே. திரும்பி வந்ததும் அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அக்காங்களைப் பத்திரமாக் கூட்டிட்டு வந்துட்டேன், பாட்டி" என்று அறிவித்தான். பாட்டியும் மகிழ்ந்து அவனுக்கு இன்னொரு முறுக்குக் கொடுத்தார்.

அன்று புத்தகம் கிடைக்கவில்லை. ஆகவே முடிவைத் தெரிந்துகொள்ள, அதே கதையை ஒட்டி 2019-ல் வெளிவந்த திரைப்படத்தை ஒரு தோழியின் வீட்டில் பார்த்தோம். அடுத்த வாரமே அடையாற்றில் ஓர் அத்தையின் அலமாரியிலிருந்து முழுப் புத்தகமும் கிடைத்தது. வைத்து ஒப்பிட்டோம். படம் வேறு, நூல் வேறு! இதே கதை 1939-லும் படமாக வந்தது என்று பிறகு தெரிந்தது. அதிலோ நூலில் இல்லாத கொலை ஒன்றே சேர்ந்திருக்கிறது. ஒரு படிக்கட்டுக்கு மூன்று கதைகள்! அப்படியானால் நான்ஸி எத்தனை முறை திரைக்கு வந்தாள், ஒவ்வொரு முறையும் அவளை எப்படி மாற்றினார்கள் என்று அறியும் ஆவல் எங்களைப் பற்றிக்கொண்டது.

முதல் முறை அவள் வெள்ளித்திரைக்கு வந்தது 1938-ல். வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் 1938, 1939 ஆகிய இரண்டே ஆண்டுகளில் நான்கு படங்கள் எடுத்தது. நான்கையும் இயக்கியவர் வில்லியம் கிளெமன்ஸ். நான்ஸியாக நடித்தவர் போனிட்டா கிரான்வில். முதல் படம் வெளியானபோது அவருக்கு வயது 15. எங்கள் வயதேதான்! பெருமையாக இருந்தது. ஆனால் படத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணத் தொடங்கியதும் பெருமை குறைந்தது. பெஸ் இல்லை, ஜார்ஜ் இல்லை. நெட் மட்டும் டெட் என்று பெயர் மாறி வந்து, நான்கு படங்களிலும் கூடவே இருக்கிறான். நூலில் நிதானமாகச் சிந்திக்கும் நான்ஸி, திரையில் படபடவென்று பேசிச் சிரிக்க வைக்கும் துடுக்குப் பெண்ணாகிவிட்டாள். இதைப் படித்தவுடன் எங்கள் ஐவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது லஸ் முனைக்குத் துணை வந்த தம்பிதான். அன்று முதல் அவனுக்கு 'டெட்' என்றே பெயர் வைத்துவிட்டோம். காரணம் அவனுக்கு இன்னும் தெரியாது.

அடுத்து அவள் தொலைக்காட்சிக்கு வந்தது 1977-ல். அமெரிக்காவின் ஏபிசி நிறுவனம் ஹார்டி சகோதரர்கள் என்னும் துப்பறியும் பையன்களையும் நான்ஸியையும் ஒரே தொடரில் சேர்த்தது. ஒரு வாரம் பையன்கள், மறு வாரம் நான்ஸி. நான்ஸியாக நடித்தவர் பமேலா சூ மார்ட்டின். இரண்டாம் பருவத்தில் அவருடைய கதைகள் குறைந்தன. பையன்களின் கதையிலேயே அவளும் வந்து போனாள். அவர் விலகினார். வேறொரு நடிகை வந்தார். மூன்றாம் பருவத்தில் தொடரின் தலைப்பிலிருந்தே நான்ஸியின் பெயரை எடுத்துவிட்டார்கள். 1979-ல் பையன்களின் தொடரும் நின்றுபோனது. தன் பெயரில் நூல் வரிசையே கொண்ட ஒருத்தி, இரண்டே ஆண்டுகளில் தலைப்பிலிருந்து காணாமற்போன இந்த மர்மத்தை யார் துப்பறிவது?

2007-ல் எம்மா ராபர்ட்ஸ் நடித்து, ஆண்ட்ரூ ஃபிளெமிங் இயக்கிய படம் வந்தது. இதில் நான்ஸி நாகரிக நகரமான லாஸ் ஏஞ்சலஸுக்கு வருகிறாள். இனித் துப்பறிவதில்லை என்று தந்தைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். ஒழுங்காக உடுத்தி, ஒழுங்காகப் பேசும் அவளைப் புதுப் பள்ளியின் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். எங்களுக்கு அவளைப் பிடித்தது. ஆயினும், புத்திசாலிப் பெண் என்றால் அவளைச் சற்று வேடிக்கைப் பொருளாகவும் காட்ட வேண்டும் என்று யாரோ முடிவு செய்ததுபோல் இருந்தது.

2019-ல் வந்த படத்தை இயக்கியவர் காட் ஷியா என்ற பெண்மணி. நான்ஸியாக நடித்தவர் சோஃபியா லில்லிஸ். கார் போய், சறுக்குப் பலகை வந்துவிட்டது. ஆனால் பெஸ்ஸும் ஜார்ஜும் திரும்பி வந்துவிட்டார்கள்! தோழியர் சேர்ந்து யோசிப்பதையும், சண்டையிட்டுச் சமாதானம் ஆவதையும் பார்த்தபோது, எண்பது ஆண்டுகளுக்குப் பின் இவர்களை யாரோ கண்டுபிடித்துக் கொண்டுவந்ததுபோல் மகிழ்ந்தோம்.

அதே ஆண்டு தொடங்கி 2023 வரை, கென்னடி மக்மான் நடித்த தொலைக்காட்சித் தொடர் நான்கு பருவங்கள் வந்தது. அதில் பேய்கள் உண்மையாகவே வருகின்றன. இதை எங்களால் எளிதில் ஏற்க முடியவில்லை. நூல்களில் நான்ஸி கற்றுத் தந்த பெரிய பாடமே, பேய் என்று ஊரார் நடுங்கும் இடத்தில் ஒரு விளக்கோடு சென்று பார்க்க வேண்டும் என்பதுதான். சென்று பார்த்தால், அங்கே பேராசை பிடித்த மனிதன் ஒருவன் இருப்பான். உண்மையான பேயே வந்துவிட்டால், பார்ப்பதற்கும் சிந்திப்பதற்கும் என்ன வேலை?

படம் எடுப்பவர்களின் சங்கடத்தையும் நாம் உணர வேண்டும். 'நான்ஸி வெகு நேரம் யோசித்தாள்' என்று ஏட்டில் ஒரு வரி எழுதிவிடலாம். திரையில் ஒரு பெண் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து யோசித்தால், பார்ப்பவர்கள் எழுந்து காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். ஆகவே அவள் தன் எண்ணத்தை யாரிடமாவது சொல்ல வேண்டியிருக்கிறது. பக்கத்தில் ஓர் ஆள் தேவைதான். ஆனால் அந்த ஆள் ஏன் பெஸ்ஸாகவோ ஜார்ஜாகவோ இருக்கக் கூடாது? பெண் ஒருத்தி கூர்ந்து பார்க்கிறாள், பொறுமையாகச் சிந்திக்கிறாள், அவளுடைய தோழியர் அவளை நம்புகிறார்கள் என்ற எளிய செய்தியை அப்படியே காட்டப் பெரியவர்களுக்குத் துணிவு வருவதில்லை என்று நினைக்கிறோம். அதனால்தான் ஒரு முறை பையனையும், ஒரு முறை கேலியையும், ஒரு முறை பேயையும் துணைக்குச் சேர்க்கிறார்கள்.

இளம் வயதினரை நம்பி எடுத்த படமே இல்லையா? உண்டு, நம் நாட்டிலேயே உண்டு. வங்காளத்தில் சத்யஜித் ரே 1965 முதல் எழுதிய ஃபெலுதா கதைகள் புகழ் பெற்றவை. ஃபெலுதா பெரியவர். ஆனால் கதையை நமக்குச் சொல்பவன் அவருடைய தம்பி முறையான டாப்ஷே என்னும் பள்ளிச் சிறுவன். இக்கதையை எழுதியவரே படமும் எடுத்தார் என்பது நான்ஸிக்குக் கிட்டாத பாக்கியம். 1974-ல் வெளியான 'சோனார் கெல்லா', அதாவது 'பொற்கோட்டை', மேற்கு வங்க அரசின் தயாரிப்பு. ஃபெலுதாவாக சௌமித்ர சட்டர்ஜியும், டாப்ஷேயாக சித்தார்த்த சட்டர்ஜியும் நடித்தார்கள். முற்பிறவி நினைவு வந்ததாகச் சொல்லும் ஒரு சிறுவனைத் தேடி, கல்கத்தாவிலிருந்து ராஜஸ்தானத்து ஜெய்சல்மர் கோட்டை வரை பயணம் போகிறார்கள். நாவலில் குற்றவாளி யார் என்பது கடைசியில்தான் தெரியும். படத்தில் ரே அதை முன்கூட்டியே நமக்குக் காட்டிவிடுகிறார். "யார்?" என்ற கேள்வி போய், "ஐயோ, இவர்களுக்கு எப்போது தெரியும்?" என்ற தவிப்பு வந்துவிடுகிறது. ஏட்டை மாற்றலாம், ஆனால் இப்படிக் காரணத்தோடு மாற்ற வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது.

டாப்ஷே வீரச் செயல் ஒன்றும் செய்வதில்லை. ஆனால் எல்லாவற்றையும் பார்க்கிறான். அவனை யாரும் கேலி செய்வதில்லை. குழந்தை என்று ஒதுக்கி வைப்பதுமில்லை. 2003-ல் ரேயின் மகன் சந்தீப் ரே எடுத்த படத்தில் டாப்ஷேயாக நடித்த பரம்பிரத சட்டர்ஜி, 2017-ல் ஓர் இணையத் தொடரில் ஃபெலுதாவாகவே நடித்தார். பார்த்துக் கற்ற சிறுவன் துப்பறிவாளனாக வளர்ந்துவிட்டான்! இதைப் படித்து மகிழ்ந்த எங்களுக்கு உடனே ஒரு வருத்தமும் எழுந்தது. ஃபெலுதா கதைகளில் பெண்களைக் காண்பதே அபூர்வம். ஜெய்சல்மருக்குப் போகும் அந்த ரயிலில் எங்களைப் போன்ற ஒருத்திக்கு இருக்கை இல்லை.

தமிழுக்கு வருவோம். தேவன் படைத்த துப்பறியும் சாம்பு 1940-களில் ஆனந்த விகடனில் வந்து எங்கள் கொள்ளுத் தாத்தாக்களைச் சிரிக்க வைத்தவர். பிற்காலத்தில் தொலைக்காட்சியில் காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக நடித்தார். சுஜாதாவின் வழக்கறிஞர் கணேஷாக, 1978-ல் 'ப்ரியா' படத்தில் ரஜினிகாந்த் நடித்தார். இவர்களில் பெண் எங்கே? நாவல்களில் இருக்கிறாள். ராஜேஷ்குமாரின் விவேக்-ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி. வாசகத் தோழியரே, இந்தப் பெயர்களை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். பெண்ணின் பெயர் மூன்றிலும் இரண்டாவதாகவே வருகிறது! அதிலும், பள்ளிச் சீருடை அணிந்த துப்பறியும் பெண்ணைத் தமிழ்த் திரையில் நாங்கள் இதுவரை சந்திக்கவில்லை.

திரையில் இல்லாவிட்டாலும் வாழ்க்கையில் இருக்கிறார்கள். 1976-ல் இந்தியக் காவல் பணியில் சேர்ந்த திலகவதி அவர்கள், தமிழில் சிறந்த எழுத்தாளருமாவார். 'கல்மரம்' நாவலுக்காக 2005-ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்றார். லத்திகா சரண் அவர்கள் 2006-ல் சென்னை மாநகரின் முதல் பெண் காவல் ஆணையர் ஆனார். தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-ல் நம் நகரின் ஆயிரம் விளக்குப் பகுதியில்தான் தொடங்கியது. 1849-லேயே சென்னையில் விஷத்தையும் இரத்தக் கறையையும் ஆராய இரசாயனப் பரிசோதனைக் கூடம் ஏற்பட்டிருந்தது. அதன் வழிவந்த தடய அறிவியல் துறை இன்று மயிலாப்பூர் காமராஜர் சாலையில், கடலைப் பார்த்தபடி இருக்கிறது.

இந்தக் கட்டிடத்தைப் பற்றிச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் ஐவரில் ஒருத்தி, பேருந்து அந்த வழியே போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்ப்பாள். தடய அறிவியல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்தப் பிரிவு எடுப்பது என்ற பேச்சு இப்போது எல்லா வீடுகளிலும் நடக்கிறது. அவள் வீட்டிலும் நடக்கிறது. "இரத்தம், பிணம் இதெல்லாம் பொண்ணுக்கு எதுக்கு? பக்கத்துக் காலேஜிலே பி.காம். படி, போதும்" என்கிறார்களாம். அவர்கள் கொடியவர்கள் அல்லர். அவள் மீது உயிரையே வைத்திருப்பவர்கள். செய்தித்தாளைத் திறந்தால் பெற்றோர் அஞ்சுவதற்குக் காரணங்கள் இருக்கின்றன என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆயினும், அந்த அச்சத்துக்கு எங்களை வீட்டருகே நிறுத்தி வைப்பது மட்டும்தான் மருந்தா? கார்ஸன் ட்ரூவும் ஒரு தந்தைதானே? அவருக்கும் மகள் மீது அச்சம் இருந்திருக்கும். அவர் மகளிடம் கேள்விகள் கேட்டார், அவள் சொன்ன பதிலை நம்பினார். எங்கள் தோழி வேண்டுவதும் அவ்வளவுதான். அவள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. இந்த மலர் அவள் தந்தையின் கைக்குச் செல்லும் என்ற நம்பிக்கையோடு இதை எழுதுகிறோம். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம்.

நான்ஸியை எழுதியவரைப் பற்றியும் சொல்லாமல் முடிக்கக் கூடாது. நூல்களின் அட்டையில் 'கேரலின் கீன்' என்ற பெயர் இருக்கும். அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை! எட்வர்ட் ஸ்ட்ராட்மேயர் என்ற பதிப்புத் தொழிலதிபர் வைத்த புனைபெயர் அது. முதல் நூலை உண்மையில் எழுதியவர் மில்ட்ரெட் விர்ட் பென்ஸன் என்ற இளம்பெண். முதல் 30 நூல்களில் 23-ஐ எழுதியவர் அவரே. தொடக்கத்தில் ஒரு நூலுக்கு அவர் பெற்ற ஊதியம் 125 டாலர். உரிமையும் இல்லை, பெயரும் இல்லை. பதிப்பாளர்களுக்கிடையே எழுந்த வழக்கு ஒன்றில் 1980-ல் அவர் சாட்சி சொன்னபோதுதான் உண்மை பலருக்குத் தெரிந்தது. அவர் விமானம் ஓட்டக் கற்றவர். 2002-ல் தம் 96-ஆம் வயதில் இறக்கும் வரை ஒரு செய்தித்தாளில் எழுதிக்கொண்டிருந்தவர். நான்ஸியின் துணிவு எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்குகிறது அல்லவா? திரையில் நான்ஸியைத் தலைப்பிலிருந்து நீக்கியவர்களைக் குறை சொன்னோமே, ஏட்டிலும் அவளைப் படைத்தவரின் பெயர் ஐம்பது ஆண்டுகள் மறைந்தே இருந்திருக்கிறது.

ஆகவே எங்களுக்கு ஓர் எண்ணம் உதித்தது. தமிழ்த் திரைக்கு ஒரு நான்ஸி வேண்டுமானால், முதலில் தமிழ் ஏட்டில் அவள் பிறக்க வேண்டும். அவளுக்குக் கார் வேண்டாம். பதினாறு வயதில் நம் நாட்டில் கார் ஓட்ட உரிமமும் கிடைக்காது! அவள் சைக்கிளிலும் பேருந்திலும் போகட்டும். கபாலீசுவரர் கோயில் குளத்தங்கரைக் கூட்டத்தில் ஒரு முகத்தை அவள் கண்டுபிடிக்கட்டும். பண்டிகைக் காலத்து ரங்கநாதன் தெருவில் தொலைந்த குழந்தையைத் தேடட்டும். பெசன்ட் நகர் கடற்கரையில் நிற்கும் ஷ்மிட் நினைவகத்தின் அடியில் ஒரு துப்புக் கிடைக்கட்டும். கடலில் தத்தளித்தவரைக் காக்கப் போய் உயிர் நீத்த டென்மார்க் மாலுமியின் நினைவாக எழுந்தது அது. அவர் இறந்த ஆண்டும் நான்ஸி பிறந்த அதே 1930! கதைக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேண்டுமா?

அவளுக்கு நிறையத் தோழியர் இருக்கட்டும். தம்பியும் வரட்டும், சாலையைக் கடக்கும்போது கையைப் பிடித்துக்கொள்கிறோம். அவளைப் படைக்கும் பேனா இப்பள்ளியிலேயே ஏதோ ஒரு வகுப்பில், ஏதோ ஒரு பெட்டிக்குள் இருக்கலாம். அடுத்த ஆண்டு நாங்கள் பதினொன்றாம் வகுப்பில் அமர்ந்து இம்மலரைப் புரட்டும்போது, அவளுடைய முதல் கதையை இதே பக்கங்களில் காண விரும்புகிறோம். எழுதும் தங்கையிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றே: கதையின் கீழே உன் சொந்தப் பெயரைத் தெளிவாக எழுது.

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு